ஒரே அணி, ஐந்து அலகுகள்: முதலாண்டுப் பொறியியல் கணித வகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

முதல் வரிசையில் 8, −6, 2. இரண்டாவதில் −6, 7, −4. மூன்றாவதில் 2, −4, 3. தமிழ்நாட்டில் பொறியியல் படித்தவர்களில் பலருக்கு இந்த அணியை, அதாவது மேட்ரிக்ஸை, பார்த்ததும் விடை நினைவுக்கு வந்துவிடும்: ஐகன் மதிப்புகள் 0, 3, 15. அணியால் பெருக்கினாலும் தன் கோட்டை விட்டு விலகாத, பூச்சியமல்லாத வெக்டர் ஐகன் வெக்டர்; அது எத்தனை மடங்காகிறது என்பதே ஐகன் மதிப்பு. வழிகாட்டிப் புத்தகங்கள், மாதிரி வினாத்தாள்கள், டியூஷன் குறிப்புகள் என எங்கும் இருக்கும் அணி இது. நான் வகுப்பெடுத்த பிரிவிலும் முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் இதைக் கேட்டோம். பெரும்பாலானவர்கள் 0, 3, 15 வரை சரியாக வந்துவிட்டார்கள். அடுத்த வரியில்தான் தடுமாற்றம். ஐகன் மதிப்பு பூச்சியம் என்றால் அதற்குரிய ஐகன் வெக்டர் எது? சிலர் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். சிலர் (0, 0, 0) என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் ‘ஐகன் வெக்டர் பூச்சியமாக இருக்கக் கூடாது, எனவே 0 ஐகன் மதிப்பு அல்ல’ என்று தீர்ப்பே வழங்கியிருந்தார். விதியை மனப்பாடம் செய்திருக்கிறார், அது எதைப் பற்றியது என்பது மட்டும் மாறிவிட்டது.

சரியான விடை (1, 2, 2). அணியால் பெருக்கிப் பாருங்கள்: 8 − 12 + 4, −6 + 14 − 8, 2 − 8 + 6. மூன்றும் பூச்சியம். அந்தத் திசையில் இருக்கும் எதையும் இந்த அணி நசுக்கி ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது. பூச்சிய ஐகன் மதிப்பின் பொருள் அவ்வளவுதான். இதை ஒரு வாக்கியத்தில் சொல்லக்கூடியவர் அந்த வகுப்பில் ஒருவரும் இல்லை என்பதிலிருந்துதான் இந்த ஆய்வு தொடங்குகிறது.

பாடமும் வினாத்தாளும்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி, இணைப்புக் கல்லூரிகளில் முதல் பருவக் கணிதத் தாள் எம்.ஏ. 3151, ‘அணிகளும் நுண்கணிதமும்’. நான்கு கிரெடிட், 60 பாடவேளை, ஐந்து அலகுகள். அலகு ஒன்றுக்கு 12 பாடவேளை. முதல் அலகில் ஐகன் மதிப்பு, கேலி – ஹாமில்டன் தேற்றம், இருபடி வடிவத்தை நியம வடிவமாக்குதல். இரண்டாவது ஒருமாறி வகைநுண்கணிதம். மூன்றாவது பலமாறிச் சார்புகள்: பகுதி வகைக்கெழு, ஆய்லர் தேற்றம், ஜக்கோபியன், பெருமம் சிறுமம், ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு அவற்றைக் காணும் லக்ராஞ்ச் பெருக்கி முறை. நான்காவது தொகைநுண்கணிதம். ஐந்தாவது இரட்டை, மும்மைத் தொகையீடுகள்.

முந்தைய ஏற்பாடுகளையும் சொல்ல வேண்டும். 2013 ஒழுங்குமுறையில் அணிகளும் நுண்கணிதமும் முதல் பருவத்தில் ஒன்றாக இருந்தன. 2017இல் அணிகளைப் பிரித்து இரண்டாம் பருவத்துக்குக் கொண்டுபோனார்கள். 2021இல் மீண்டும் சேர்த்துவிட்டார்கள். சேர்த்தது நல்ல முடிவு என்பது என் கருத்து. ஆனால் பாடத்திட்டத் தாளில் சேர்ந்த இரண்டும் வகுப்பறையில் சேரவில்லை. முதல் அலகு முடிந்தால் அணியை மூட்டைகட்டி வைத்துவிட்டு நுண்கணிதத்துக்குப் போகிறோம். பருவம் முடியும்வரை அணி திரும்பி வருவதில்லை.

இதற்கு வினாத்தாளின் அமைப்பும் காரணம். பத்து இரண்டு மதிப்பெண் வினாக்கள், ‘அல்லது’ வைத்த ஐந்து பதினாறு மதிப்பெண் வினாக்கள். அலகுக்கு ஒரு பெரிய வினா. இரண்டு அலகுகளைச் சேர்த்துக் கேட்கும் வினா வர வழியே இல்லை. மூன்று அலகுகளை நன்றாகப் படித்து, மற்ற இரண்டில் இரண்டு மதிப்பெண் வினாக்களை மட்டும் பொறுக்கித் தேறிவிடலாம் என்று மாணவர் கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கு சரியாகவும் இருக்கிறது. இறுதித் தேர்வுக்கு 60 விழுக்காடு, உள்மதிப்பீட்டுக்கு 40 என்று ஆன பிறகு அது இன்னும் எளிதாகிவிட்டது.

வகுப்பில் இருந்தவர்கள்

கல்லூரியின் பெயர் தேவையில்லை. ஊர்ப்புறத்துச் சுயநிதிக் கல்லூரி. சிவிலும் மெக்கானிக்கலும் சேர்ந்த பிரிவு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2021இல் பொறியியலுக்கும் வந்த பிறகு, தமிழ்வழியில் படித்தவர்களின் முகம் முதல் வரிசையிலும் தெரிகிறது. அவர்களில் சிலர் வகுப்பிலேயே திறமையானவர்கள். வகைக்கெழு காணச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு காண்பார்கள். ‘டெரிவேட்டிவ்’ என்று கேள்வி வந்தால் முதல் சில வாரங்கள் பக்கத்து மாணவரைப் பார்ப்பார்கள். அது தானாகவே சரியாகிவிடும். அதைக் கணிதப் பலவீனம் என்று எண்ணிச் சிறப்பு வகுப்பில் தள்ளுவதுதான் தவறு.

உண்மையான பள்ளம் வேறிடத்தில் இருக்கிறது. எல்லை, வகையிடல், தொகையிடல் ஆகியவற்றின் அடிப்படை பதினொன்றாம் வகுப்புப் பாடத்தில் வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் கட்-ஆஃபுக்குக் கணக்கு என்பதால், பதினொன்றைத் தாண்டிக் குதித்து இரண்டு ஆண்டும் பன்னிரண்டையே ஓட்டிய பள்ளிகள் பல. அதைத் தடுக்கத்தான் 2017–18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. பழக்கம் அதனால் முழுதாகப் போய்விடவில்லை. கணிதத்தில் 100க்குத் தொண்ணூற்று சொச்சம் வாங்கி வந்தவருக்குப் பகுதிப் பின்னமாகப் பிரிக்கத் தெரியாமல் இருப்பதை விடைத்தாளில் பார்க்கலாம்.

கலந்தாய்வும் ஒரு பங்கு வகிக்கிறது. முதல் சுற்றில் சேர்ந்தவர்கள் வகுப்பில் உட்கார்ந்து சில வாரங்கள் ஆன பிறகுதான் துணைக் கலந்தாய்வில் இடம் கிடைத்தவர்கள் வந்து சேர்கிறார்கள். அவர்கள் வரும்போது ஐகன் மதிப்பு முடிந்திருக்கும், நாம் கேலி – ஹாமில்டனில் நிற்போம். அவர்களுக்கு முதல் அலகு என்பது நண்பரின் நோட்டைப் படம் பிடித்து வாங்கியதுதான்.

விடைத்தாள்கள் காட்டியவை

பிழைகளை வகைபிரித்தபோது, கூட்டல் கழித்தல் பிழைகளை ஒதுக்கிவிட்டால், மிச்சமிருந்தவை எல்லாம் ஒரே குடும்பம் என்று பட்டது. குறியீடுகளைப் படமாக மாற்ற வேண்டிய இடம் எதுவோ அங்கேயே ஒவ்வொருவரும் சறுக்கியிருந்தார்கள்.

2, 2, 1. 1, 3, 1. 1, 2, 2 என்ற அணி இன்னொரு பிரபலம். ஐகன் மதிப்புகள் 5, 1, 1. மதிப்பு 1 என்று வைத்தால் மூன்று சமன்பாடுகளும் ஒரே சமன்பாடாகிவிடும்: எக்ஸ் + 2ஒய் + இசட் = 0. மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் குறுக்குப் பெருக்கல் இங்கே மூன்று பூச்சியங்களைத் தரும். முறை தந்த விடையை அப்படியே (0, 0, 0) என்று எழுதிவிட்டு அடியில் கோடும் போட்டிருந்தார்கள். ஒரு சமன்பாடு மட்டும் இருக்கிறதென்றால் அது ஒரு தளம், அந்தத் தளத்தில் எந்தத் திசையை எடுத்தாலும் சரி, இணையில்லாத இரண்டை எடுத்துக்கொண்டால் போதும் என்பது தெரிந்திருந்தால் ஒரு நிமிட வேலை.

கேலி – ஹாமில்டனில் நடந்தது வேடிக்கையானது. ஐகன் மதிப்புகளைத் தரும் சிறப்பியல்புச் சமன்பாட்டை அணியே நிறைவுசெய்யும் என்பது அந்தத் தேற்றம். ‘நிறுவுக’ என்று ஒரு பயிற்சியில் கேட்டதற்கு, சிறப்பியல்புச் சமன்பாட்டில் ஐகன் மதிப்பைக் குறிக்கும் லாம்டா இருக்கும் இடத்தில் அணியையே போட்டு, அணியிலிருந்து அணி போனால் பூச்சியம், பூச்சியத்தின் அணிக்கோவை பூச்சியம், எனவே நிறுவப்பட்டது என்று முடித்திருந்தார்கள். ஒரு பக்கம் எண், மறுபக்கம் அணி என்பதைக் கவனிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 1858இல் கேலி இதை எழுதியபோது 2×2 அணிக்குச் செய்து காட்டி, 3×3க்கும் சரிபார்த்துவிட்டதாகச் சொல்லி, பொதுவான நிரூபணம் தேவையில்லை என்று விட்டுவிட்டார். பொது நிரூபணத்தை 1878இல் ஃப்ரோபீனியஸ்தான் தந்தார். அந்த வரலாற்றை வகுப்பில் சொன்னதும் முகங்களில் ஒரு நிம்மதி வந்தது.

ஆய்லர் தேற்றத்தில் வழக்கமான பிழைதான். எல்லா உறுப்புகளும் ஒரே படியில் இருக்கும் சமபடித்தான சார்பில், ஒவ்வொரு மாறியையும் அதன் பகுதி வகைக்கெழுவால் பெருக்கிக் கூட்டினால், படி பெருக்கல் சார்பு வரும் என்பது தேற்றம். எக்ஸ் கனமும் ஒய் கனமும் கூட்டி, எக்ஸ் கழித்தல் ஒய்யால் வகுத்து, அதற்கு டேன் இன்வர்ஸ் எடுத்தது யு என்றால், சமபடித்தானது டேன் யு, யு அல்ல. விடை சைன் 2யு என்று வர வேண்டும். படி 2 என்று பார்த்ததும் 2யு என்று எழுதிவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் சொல்ல வேண்டியது தொகையிடும் வரிசையை மாற்றுவதைப் பற்றி. ஐந்தாம் அலகின் நிலையான விருந்தாளி இது: எக்ஸ் 0 முதல் 1 வரை; ஒய் எக்ஸ் வர்க்கத்திலிருந்து 2 − எக்ஸ் வரை; தொகையிட வேண்டியது எக்ஸ் பெருக்கல் ஒய். விடைத்தாளில் பாதிப் பேர் ‘வரிசையை மாற்ற’ என்று எழுதி, உள்ளே இருந்த எல்லைகளை வெளியேயும் வெளியே இருந்தவற்றை உள்ளேயும் தூக்கி வைத்திருந்தார்கள். வெளித்தொகையீட்டின் எல்லையில் எக்ஸ் நிற்கிறது. கடைசியில் எண் வர வேண்டிய இடத்தில் எக்ஸ் மீந்து நிற்கும்போதாவது ஏதோ தவறு என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

படம் போட்டவர்கள் எல்லாரும் தப்பித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. பரவளையத்தையும் கோட்டையும் அழகாக வரைந்து, இரண்டும் (1, 1)இல் வெட்டுகின்றன என்று குறித்து, பரவளையத்துக்குக் கீழே இருக்கும் பகுதியை நிழலிட்டிருந்தார்கள். படம் மதிப்பெண்ணுக்காக வரையப்பட்டது. எல்லைகளைக் கண்டுபிடிக்க அல்ல. எல்லைகளைப் புத்தகத்தின் நினைவிலிருந்து எழுதிவிட்டார்கள்.

செய்து பார்த்த மாற்றம்

அடுத்த ஆண்டு, அதே கல்லூரி, அதே துறைகள். இரண்டு வேலைகள் செய்தோம். ஒன்று பெரியது, ஒன்று சிறியது.

பெரியது இதுதான்: ஒரே 2×2 அணியை முதல் அலகிலிருந்து ஐந்தாம் அலகுவரை, இடமுள்ள அலகுகளுக்கெல்லாம் கூடவே அழைத்துக்கொண்டு போவது. அணி 2, 1, 1, 2. இதைவிட எளிய அணி கிடைக்காது. ஐகன் மதிப்புகள் 3, 1. ஐகன் வெக்டர்கள் (1, 1), (1, −1).

முதல் வகுப்பில் சிறப்பியல்புச் சமன்பாடு பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஆளுக்கு ஒரு வரைபடத்தாள். ஓரலகு ஆரமுள்ள வட்டத்தில் சில புள்ளிகள். (1, 0)ஐ அணியால் பெருக்கினால் (2, 1). (0, 1)க்கு (1, 2). (0.6, 0.8)க்கு (2, 2.2). (0.8, −0.6)க்கு (1, −0.4). பழைய புள்ளியிலிருந்து புதிய புள்ளிக்கு ஓர் அம்புக்குறி. கால் மணி நேரத்தில் தாள் முழுதும் அம்புகள். வட்டம் சாய்ந்த நீள்வட்டமாகிக் கிடந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் கேட்டார்: “சார், எல்லாப் புள்ளியும் திசை மாறிப் போகிறது. (1, 1) போட்டால் (3, 3) வருகிறது. இது மட்டும் ஏன் திரும்பவில்லை?”

“இதே மாதிரி திரும்பாதது வேறு இருக்கிறதா, பாரப்பா” என்றதும் வகுப்பு தேட ஆரம்பித்தது. (1, −1)ஐ ஒரு மாணவி கண்டுபிடித்தார். அதன் நீளம்கூட மாறவில்லை. இரண்டு திசைகள், இரண்டு எண்கள். அதற்குப் பிறகு கரும்பலகையில் சிறப்பியல்புச் சமன்பாட்டை எழுதினேன். ஏற்கெனவே தெரிந்த விடையைத் தேடிக் கண்டுபிடிக்கும் கருவியாக அது வந்தது.

இருபடி வடிவத்துக்கு அதே அணி: 2எக்ஸ்² + 2எக்ஸ் ஒய் + 2ஒய்². அச்சுகளை 45 பாகை திருப்பி, புதிய அச்சுகளை யு, வி என்று வைத்தால் 3யு² + வி². நியம வடிவம் என்பது இந்த இருபடி வடிவம் தரும் நீள்வட்டத்தை அதன் சொந்த அச்சுகளிலிருந்து பார்ப்பது. இந்த இடத்தில்தான் அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த கேள்வி வந்தது. வடிவத்தின் மதிப்பு 3 என்று வைத்து நீள்வட்டத்தை வரைந்திருந்தோம். கேள்வி: “அன்று (1, 1) திசைதான் நீளமான திசை, 3 மடங்கு. இன்று அதே திசையில் நீள்வட்டம் குட்டையாக இருக்கிறதே. எது சரி?”

இரண்டும் சரி. அன்று வரைந்தது வட்டம் போய்ச் சேர்ந்த இடம். இன்று வரைவது மதிப்பு 3ஐத் தொடும் புள்ளிகளின் கோடு. மலையில் செங்குத்தான பக்கம் ஏறினால் குறிப்பிட்ட உயரத்தைச் சீக்கிரம் எட்டிவிடுவோம். சரிவான பக்கத்தில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். (1, 1) திசையில் ஏற்றம் அதிகம், ஓரலகு தூரத்திலேயே 3 வந்துவிடுகிறது. (1, −1) திசையில் 3இன் வர்க்கமூலம், 1.732 அலகு போக வேண்டும். ஐகன் மதிப்பு பெரிதானால் அரை அச்சு சிறிதாகும். பாடநூல்களில் இந்த இரண்டு நீள்வட்டங்களும் அருகருகே வருவதில்லை என்பதால் இந்தக் கேள்வி பொதுவாக எழுவதே இல்லை.

மூன்றாம் அலகில் பெருமம் சிறுமம் வந்தபோது எக்ஸ்² + எக்ஸ் ஒய் + ஒய்² என்ற சார்பைக் கொடுத்தோம். இரண்டாம் பகுதி வகைக்கெழுக்கள் 2, 1, 2. நம் அணியேதான். வழக்கமாக மாணவர்கள் ஆர், எஸ், டி என்று எழுதி, ஆர் டி − எஸ்² நேர்மமா என்று பார்க்கிறார்களே, அது இந்த அணியின் அணிக்கோவை: 3. ஐகன் மதிப்புகளின் பெருக்கற்பலன். இரண்டு ஐகன் மதிப்புகளும் நேர்மம் என்றால் எந்தத் திசையில் நகர்ந்தாலும் ஏற்றம்தான், எனவே நிற்பது பள்ளத்தின் அடியில். ஒன்று நேர்மம் மற்றது குறை என்றால் ஒரு பக்கம் ஏற்றம், மறுபக்கம் இறக்கம். பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை. மனப்பாட விதியாக இருந்த ஒன்றுக்கு இப்படி ஒரு காரணம் கிடைத்தது.

லக்ராஞ்ச் முறைக்கு வழக்கமாகக் கொடுப்பது மூடியில்லாத பெட்டிக் கணக்கு: கொள்ளளவு 32 கன அலகு, தகடு மிகக் குறைவாகச் செலவாக வேண்டும், விடை 4, 4, 2. அதையும் செய்தோம். அதற்கு முன்பு, ஓரலகு வட்டத்தின்மேல் நம் இருபடி வடிவத்தின் பெருமமும் சிறுமமும் கேட்டோம். பகுதி வகைக்கெழு எடுத்துச் சமன்பாடு எழுதியதும் முன்வரிசையில் சலசலப்பு. வந்து நின்றது ஐகன் மதிப்புச் சமன்பாடு. பெருமம் 3, சிறுமம் 1. லக்ராஞ்ச் பெருக்கிக்கும் ஐகன் மதிப்புக்கும் புத்தகம் ஏன் ஒரே லாம்டாவைப் போடுகிறது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. எழுத்து ஒன்றானது தற்செயலாக இருக்கலாம், இந்தக் கணக்கில் பொருளும் ஒன்றுதான்.

ஐந்தாம் அலகில் மாறிகளை மாற்றித் தொகையிடும்போது அணி கடைசியாக வந்தது. ஓரலகுச் சதுரத்தை இந்த அணி இணைகரமாக மாற்றுகிறது. அதன் பரப்பு 3. ஜக்கோபியன் 3 என்பதன் பொருள் அதுவே. இருபடி வடிவத்தின் மதிப்பு 3 என்று வரைந்த சாய்ந்த நீள்வட்டத்தின் பரப்பையும் கண்டோம்: அரை அச்சுகள் 1, 1.732, பரப்பு பை பெருக்கல் 3இன் வர்க்கமூலம். அச்சைத் திருப்பும் மாற்றத்துக்கு ஜக்கோபியனின் அளவு 1 என்பதால் பரப்பு மாறவில்லை என்பதை அவர்களே சொன்னார்கள்.

சிவில், மெக்கானிக்கல் மாணவர்கள் என்பதால் இன்னொன்றும் சொல்லிவைத்தேன். இரண்டாம் ஆண்டில் பொருள்வலிமைப் பாடத்தில் முதன்மைத் தகைவுகளைக் காண மோர் வட்டம் வரைவார்கள். இரு திசைகளிலும் நேர்த்தகைவு 2, சறுக்குத்தகைவு 1 என்று இருந்தால், வட்டத்தின் மையம் 2, ஆரம் 1, முதன்மைத் தகைவுகள் 3, 1; அவை செயல்படுவது 45 பாகையில். மீண்டும் அதே அணி. முதலாண்டில் ஒரு துறையும் அடுத்த ஆண்டில் இன்னொரு துறையும் ஒரே விஷயத்தைத் தனித்தனிப் பெயரில் நடத்துகின்றன என்று முன்கூட்டியே தெரிவதில் நட்டம் ஒன்றுமில்லை.

சிறிய வேலை, தொகையிடும் வரிசை பற்றியது. முதல் பயிற்சிகளில் தொகையிடவே அனுமதிக்கவில்லை. படம் வரைய வேண்டும், கிடைமட்டமாக ஒரு பட்டை வரைய வேண்டும், அது எந்தக் கோட்டில் நுழைந்து எந்தக் கோட்டில் வெளியேறுகிறது என்று எழுத வேண்டும். அத்துடன் நிறுத்த வேண்டும். மேலே சொன்ன கணக்கில் பட்டையைக் கீழிருந்து மேலே நகர்த்தும்போது, ஒய் 1ஐத் தாண்டியதும் வெளியேறும் இடம் பரவளையத்திலிருந்து கோட்டுக்குத் தாவுகிறது. அங்கே பகுதியை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். பிரித்தால் முதல் பகுதி 1/6, இரண்டாவது 5/24, கூட்டினால் 3/8. பழைய வரிசையிலேயே நேரடியாகச் செய்தாலும் 3/8. இரண்டு வழியிலும் செய்து விடை பொருந்துகிறதா என்று பார்ப்பதைக் கட்டாயமாக்கினோம். சில மாணவர்கள் நியாயமாகவே கேட்டார்கள்: நேரடியாகவே வருகிறதே, பிறகு எதற்கு மாற்ற வேண்டும்? அதற்குப் பதிலாக ஒரு கணக்கு உண்டு. எக்ஸ் 0 முதல் முடிவிலி வரை, ஒய் எக்ஸிலிருந்து முடிவிலி வரை. தொகையிட வேண்டியது இ அடுக்கு −ஒய்யை ஒய்யால் வகுத்தது. கொடுத்த வரிசையில் உள்தொகையீட்டுக்குத் தெரிந்த சார்புகளில் விடையே கிடையாது. வரிசையை மாற்றினால் ஒய்யும் ஒய்யும் அடிபட்டு, இரண்டே வரியில் 1.

நான்காம் அலகில் நம் அணிக்கு இடமில்லை. வலிந்து நுழைக்கவும் இல்லை. அங்கே நீர்விசைக் கணக்குக்கு மேட்டூரை எடுத்துக்கொண்டோம். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி என்பது டெல்டாப் பக்கத்து மாணவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆழம் 120 அடி, அதாவது 36.6 மீட்டர், சுவர் செங்குத்து என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் அகலச் சுவரின்மேல் விசை சுமார் 65.6 லட்சம் நியூட்டன். ஏறத்தாழ 670 டன் எடை. மட்டம் 60 அடிக்கு இறங்கினால் விசை பாதியாகுமா என்று கேட்டேன். வகுப்பே ஆமாம் என்றது. தொகையிட்டுப் பார்த்தபோது கால்பங்குதான். ஆழம் வர்க்கமாக வருகிறது.

என்ன மாறியது, என்ன மாறவில்லை

பூச்சிய வெக்டரை ஐகன் வெக்டர் என்று எழுதுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. எழுதியவர்களும் அடித்துவிட்டுத் திரும்ப முயன்றிருந்தது தாளில் தெரிந்தது. ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகை முதன்மை மூலைவிட்டக் கூடுதலுக்குச் சமம், பெருக்கற்பலன் அணிக்கோவைக்குச் சமம் என்பதை ஓரத்தில் சரிபார்க்கும் பழக்கம் வந்தது. முன்பு இது இரண்டு மதிப்பெண் வினாவுக்கான பண்பாக மட்டுமே இருந்தது. வரிசை மாற்றும் கணக்கில் படம் எல்லாருடைய தாளிலும் இருந்தது, படத்துக்கும் எல்லைக்கும் தொடர்பும் இருந்தது.

தாமதமாகச் சேர்ந்தவர்களிடம் நாங்கள் எதிர்பாராத பலன். முதல் அலகைத் தவறவிட்டவர்கள் மூன்றாம் அலகில் அதே அணியைச் சந்தித்தார்கள், ஐந்தாம் அலகில் மீண்டும். ஒரு வாசல் சாத்தியிருந்தால் அடுத்ததில் நுழையலாம் என்று ஆனது. துணைக் கலந்தாய்வில் வந்த ஒரு மாணவர், லக்ராஞ்ச் வழியாகத்தான் தனக்கு ஐகன் மதிப்பு புரிந்தது என்றார். பாடத்திட்டத்தை எழுதியவர்கள் இந்தத் திசையை எண்ணியிருக்க மாட்டார்கள்.

மாறாதவை: நீளத்தால் வகுத்து ஓரலகு வெக்டராக்கும் இடத்தில் வர்க்கமூலத்தை விட்டுவிடுவது, பகுதிப் பின்னம், முக்கோணவியல் பதிலீடு. இவை பதினொன்றாம் வகுப்பின் பாக்கி. வரைபடத்தாள் இதற்கு மருந்து அல்ல. கையில் போட்டுப் பழகுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. தொடக்க வாரங்களில் நடக்கும் அறிமுகப் பயிற்சியில் யோகாவுக்கும் விருந்தினர் உரைக்கும் நடுவே இதற்கு இடம் கேட்டோம். கொஞ்சம் கிடைத்தது.

விலையும் கொடுத்தோம். வரைபடத்தாளில் உட்கார்ந்த நேரம் எங்கிருந்தோ வர வேண்டும். இருமாறி டெய்லர் தொடரையும் முறையற்ற தொகையீடுகளையும் ஓட்டமாக ஓட்டினோம். டெய்லர் தொடரிலிருந்து பெரிய வினா வந்திருந்தால் எங்கள் பிரிவு அடிவாங்கியிருக்கும்.

துறையில் எதிர்ப்பும் வந்தது. மூத்த ஆசிரியர் ஒருவரின் வாதம்: “தேர்வில் வருவது 3×3. நீங்கள் 2×2இல் விளையாடிக்கொண்டிருந்தால் பையன் முப்பது நிமிடத்தில் பதினாறு மதிப்பெண்ணை எப்படி முடிப்பான்?” இதைத் தட்டிக்கழிக்க முடியாது. 3×3இல் வேகம் பயிற்சியால்தான் வரும். அந்தப் பயிற்சியை டியூட்டோரியல் வேளைகளில் குறைக்காமல் கொடுத்தோம். 2×2 அணி அதற்கு மாற்றாக வரவில்லை. என் பக்கத்திலிருந்து ஒன்றே ஒன்று சொன்னேன்: 0, 3, 15 வரை மூன்று நிமிடத்தில் வந்துவிட்டு, பூச்சியத்தின் முன்னால் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு வேகம் எதற்கு உதவும்?

அவர் முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்து அலகுக்கும் ஓர் அணி என்பது தமக்கு ஒத்துவராது, பாடத்திட்ட வரிசை குலையும் என்றார். ஆனால் கிடைமட்டப் பட்டை வரைந்து நிறுத்தும் பயிற்சியைத் தம் பிரிவுகளில் எடுத்துக்கொண்டார், அதற்கான வினாத்தொகுப்பை அவரே தயாரித்தார். அதில் எங்கள் தொகுப்பில் இல்லாத ஒரு வகையும் உண்டு: எல்லைகளைக் கொடுக்காமல் நிழலிட்ட பகுதியை மட்டும் அச்சிட்டு, இரண்டு வரிசையிலும் எல்லைகளை எழுதச் சொல்வது. இந்தப் பருவம் எல்லாப் பிரிவுகளுக்கும் அந்தத் தாள்தான் போகிறது.